கிட்ட வராத காவல்காரன்

ஒரே ஒரு கடலிலே ஒரே ஒரு பார் இருந்தது. பார் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? கடலுக்கு அடியில் பாறையும் பவளமும் சேர்ந்து மேடு கட்டி நிற்கும் இடத்தைத் தென்கடற்கரையில் பார் என்பார்கள். நமக்கு ஊர் எப்படியோ, மீனுக்குப் பார் அப்படி. அங்கேயும் வீடு உண்டு, சந்து உண்டு, சந்தை உண்டு, சண்டையும் உண்டு.

அந்தப் பாரில் விரல் நீளமே உள்ள சின்ன மீன்கள் ஒரு குடும்பமாக வாழ்ந்து வந்தன. வெளிர்நீல உடம்பு. மூக்கு நுனியில் ஊசியாகத் தொடங்கி வால்வரை அகன்றுகொண்டே போகும் ஒற்றைக் கறுப்புக் கோடு. அவற்றுக்குத் தொழில் என்ன தெரியுமா? அழுக்கெடுப்பது. பெரிய மீன்களுக்குச் செதிலில் பேன் பிடிக்கும், செவுளில் பூச்சி ஒட்டும், பல்லிடுக்கில் இரை சிக்கும். அவை எல்லாம் இந்தச் சின்ன மீன்களின் கல்லுக்கு வந்து, முறை வரும்வரை காத்து நின்று, முறை வந்ததும் வாயைப் பிளந்து காட்டும். சின்ன மீன் உள்ளே போகும், கொத்தும், தின்னும், செவுள் வழியாக வெளியே வரும். பெரியதற்குச் சுகம், சின்னதற்குச் சோறு. ஆகையால் கோடு போட்ட மீனை எவரும் கடிக்கக் கூடாது என்று பார் முழுவதும் ஒரு கட்டுப்பாடு. பெரிய வாய்க் கலவாய் மீன் கடிக்காது, கூர்ப்பல் சீலா மீன் கடிக்காது, பசித்த சுறாக்குட்டிகூடக் கடிக்காது.

குடும்பத்துக்கு ஓர் ஆண்தான். மற்றவர்கள் எல்லாம் அவன் பெண்டாட்டிகள். அவன் பெயர் கருவரையன். காலையிலும் மாலையிலும் எல்லையைச் சுற்றிக் காவல் போவது அவன் வேலை. வேற்றாள் வந்தால் விரட்டுவான். சுற்றி முடித்ததும் ஒவ்வொரு பெண்டாட்டியின் கல்லுக்கும் வந்து, அவள் விலாவைத் தன் துடுப்பால் தொட்டு, துடுப்பை ஒரு நடுக்கு நடுக்குவான். அது வெறும் கொஞ்சல் என்று நினைத்துவிடாதீர்கள். 'நான் இருக்கிறேன், நீ நீயாகவே இரு' என்று உடம்புக்குச் சொல்லும் சேதி அது.

ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? அங்கேதான் இருக்கிறது இந்த இனத்தின் அதிசயம். காவல்காரன் செத்துப்போனால் வெளியிலிருந்து மாப்பிள்ளை தேட மாட்டார்கள். பெண்களில் பெரியவள் எவளோ, அவளே ஆணாக மாறிவிடுவாள். வரம் வேண்டாம், மந்திரம் வேண்டாம். அன்றைக்கே எல்லை சுற்றத் தொடங்கிவிடுவாள். நாள் ஆக ஆக உடம்பும் உள்ளுக்குள் மாறும். அப்புறம் அவள் இல்லை, அவன். அப்படி வரும் புதுக் காவல்காரன் செய்யும் முதல் வேலை, எல்லோருடைய படுக்கைப் பொந்தையும் மாற்றுவது. பழையவனைத் தின்றவனுக்குப் பழைய பொந்துகள் தெரிந்திருக்கும் அல்லவா? அதற்காகத்தான். பழையவன் வந்து தொட்டுக்கொண்டிருக்கும்வரை எவள் உடம்பும் மாறாது. புரிந்ததா? சரி, இனிக் கதை.

கருவரையன் பெண்டாட்டிகளில் மூத்தவள், உருவத்திலும் பெரியவள், நீலாயி. அவளுக்கு அடுத்தவள் சடைச்சி. அவளுக்கு உடம்பைவிட வாய் நீளம். அப்புறம் பூவாயி, அப்புறம் அம்மாக்கண்ணு, எல்லோருக்கும் கடைசியாகக் குஞ்சாயி.

ஒரு நாள் மாலை வெயில் இறங்கித் தண்ணீர் செம்மண் நிறமாகும் வேளையில், எல்லோரும் அவரவர் கல்லில் காத்திருந்தார்கள். கருவரையன் வரவில்லை.

"ஏன் அக்கா, இன்னும் காணலையே?" என்றாள் குஞ்சாயி.

"எல்லையில ஏதாவது வம்பு வந்திருக்கும். முடிச்சுட்டு வருவார்," என்றாள் நீலாயி.

"அதோ பாருங்கடி!" என்று சடைச்சி வாலை ஆட்டினாள். மணல் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மொட்டைக் கல் உண்டு; அதுதான் இவர்கள் எல்லையின் கடைசி. அந்தக் கல்லின் விளிம்போரமாக வெளிர்நீலமும் கறுப்புக்கோடுமாக ஓர் உருவம் அசைந்து அசைந்து போயிற்று. "போறார் பாரு, ராசா மாதிரி. எவனையோ அடிச்சு விரட்டின மிதப்பு. இன்னிக்கு நம்மைத் தொட எங்கே நேரம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் பொந்துக்குள் போய், எச்சிலால் மெல்லிய உறை ஒன்றைக் கட்டிக்கொண்டு அதற்குள் படுத்தார்கள். நீலாயியும் படுத்தாள். படுத்தாளே தவிர, தூக்கம் வரவில்லை. உறை குத்துகிற மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள், உறையைக் கிழித்துவிட்டு வேறு உறை கட்டினாள். அதுவும் குத்தியது.

விடிந்ததும் பார்த்தால் பூவாயியின் பொந்து காலி.

"அவள் கிடக்கிறாள், விடு," என்றாள் சடைச்சி. "அடுத்த பாருக் காவல்காரனைப் போன வாரம் பூராவும் எட்டி எட்டிப் பார்த்தாள். போயிருப்பாள்."

அன்று காலையும் மொட்டைக் கல் ஓரமாக அந்த உருவம் போயிற்று. கிட்ட வரவில்லை.

அன்றைக்கு நீலாயிக்குத் தன் கல்லில் இருப்புக் கொள்ளவில்லை. மனிதராக இருந்தால் கால் தரிக்கவில்லை என்று சொல்லலாம். மீனுக்குக் கால் ஏது? துடுப்புத் தரிக்கவில்லை. தன் கல்லிலிருந்து சடைச்சி கல்லுக்குப் போனாள், சடைச்சி கல்லிலிருந்து குஞ்சாயி கல்லுக்குப் போனாள், அங்கிருந்து எல்லைவரை போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். ஒரு கிளிமீன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதைப் பாதி கொத்தியவள் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

"இந்தாம்மா, நீலாயி!" என்று கிளிமீன் கூப்பாடு போட்டது. "பாதி முதுகைச் சுத்தம் பண்ணிட்டு ஓடுறியே! மிச்சப் பாதியை நான் எந்தக் கடல்ல போய்க் காட்டுறது?"

"இதோ வந்துட்டேன் அண்ணே, இதோ வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே நீலாயி இன்னும் தூரம் போனாள்.

அன்று மாலையும் அந்த உருவம் தூரத்தில் போயிற்று, கிட்ட வரவில்லை. மறுநாள் காலை அம்மாக்கண்ணுவின் பொந்து காலி.

"அவளும் போயிட்டாளா?" என்றாள் குஞ்சாயி, சின்னக் குரலில்.

"அவளும் அவளும் ஜோடிதானே? ஒருத்தி போனா இன்னொருத்தி இருப்பாளா?" என்றாள் சடைச்சி. ஆனால் இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்த விபரீதம் நடந்தது. நீலாயி வழக்கம்போல நிலைகொள்ளாமல் சுற்றிக்கொண்டு வந்தவள், குஞ்சாயியின் கல்லருகே வந்தபோது, அவளை அறியாமல் அவளுடைய துடுப்பு விரிந்தது. விரிந்து குஞ்சாயியின் விலாவைத் தொட்டது. தொட்டு, ஒரு நடுக்கு நடுக்கியது.

குஞ்சாயி அப்படியே சொக்கி நின்றாள். நீலாயியோ சுட்டதுபோல விலகினாள்.

"அடிப்பாவி!" சடைச்சியின் குரல் பார் முழுக்கக் கேட்டது. "அவர் உசுரோட சுத்திக்கிட்டு இருக்கிறப்போ நீ அவர் வேலையைச் செய்யிறியா? எங்கேயாவது அடுக்குமா இது? பெரியவள்னு மரியாதை கொடுத்தா, பெரியவனாவே ஆகப் பார்க்கிறியே!"

"நான் வேணும்னு செய்யலடி," என்றாள் நீலாயி. "என் உடம்பு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. தூக்கம் இல்லை. பசி இல்லை. வயித்துல இருந்த முட்டைக் கனம்கூடக் குறைஞ்சுபோச்சு."

"அப்படியெல்லாம் வெளியில சொல்லிக்காதே. அவர் காதுல விழுந்தா உன்னைக் கொத்தியே கொன்னுடுவார்."

நீலாயி வெட்கத்தோடு ஒரு பவளக் கிளையின் நடுவில் போய் ஒளிந்தாள். ஒளிந்து என்ன? அங்கேயும் நிற்க முடியவில்லை. கிளையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காவல்காரன் உயிரோடு இருக்கும்போது மாறுகிறவள் பாரில் உண்டா? எனக்கு என்ன நோய்? எந்தப் பெரிய மீனின் வாயில் எதைத் தின்று தொலைத்தேன்? இப்படி நினைத்தாள். சுற்றினாள். வேறு மாதிரி நினைத்தாள். இன்னும் வேகமாகச் சுற்றினாள். திடீரென்று நின்றாள்.

நின்றவள் நேரே குஞ்சாயியிடம் போனாள். "குஞ்சாயி, உண்மையைச் சொல்லு. அவர் உன்னைக் கடைசியாத் தொட்டது எப்போ?"

"அன்னிக்குச் சாயந்தரம் வரலையே அக்கா, அதுக்கு முன்னாடி காலையில."

"அதுக்கப்புறம்?"

"தூரத்துல பார்த்தேன்."

சடைச்சியிடம் போனாள். "உன்னைத் தொட்டாரா?"

"தொட்டாத்தானா? அதான் காலையும் மாலையும் கண்ணால பார்க்கிறேனே!"

"பார்த்தே. தொட்டாரா?"

சடைச்சி மணலைப் பார்த்தாள்.

பார்த்தீர்களா பிள்ளைகளே, அவர்கள் செய்த பிழையை? தூரத்தில் கோடு தெரிந்தது, அது அவர்தான் என்று கண் சொன்னது, கண் சொன்னதைக் கேட்டு எல்லோரும் நிம்மதியாகப் படுத்தார்கள். உடம்பை எவரும் கேட்கவில்லை. நீலாயியின் உடம்பு மட்டும், தொட ஆள் இல்லை, தொட ஆள் இல்லை என்று இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது.

"சடைச்சி, அது அவர் இல்லை," என்றாள் நீலாயி. "எதுவோ அவர் கோட்டைப் போட்டுக்கிட்டு நமக்குப் போக்குக் காட்டுது. பூவாயியும் அம்மாக்கண்ணுவும் எங்கேயும் ஓடலை. நம்ம பொந்து வரிசை அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அம்மாக்கண்ணுவுக்கு அடுத்த பொந்து யாரோடது?"

குஞ்சாயியுடையது. குஞ்சாயி கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கே எல்லாரும் பொந்தை மாத்திடுவோம்," என்றாள் நீலாயி.

"அதைச் சொல்ல நீ யார்?" என்றாள் சடைச்சி. "பொந்தை மாத்தச் சொல்ல வேண்டியது காவல்காரன். காவல்காரன் இருக்கும்போது நாம மாத்தினா, நாம இந்தக் குடும்பமே இல்லைன்னு அவர் துரத்தி விட்டுடுவார். துரத்தினா எந்தப் பாருல எவன் நம்மைச் சேர்த்துக்குவான்?" கிட்ட வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அக்கா, கோவிச்சுக்காதே. அவர் செத்துட்டார்னு நீ பயப்படுறியா, இல்ல, செத்திருக்கணும்னு ஆசைப்படுறியா?"

கடல்நீரின் ஓட்டமே நின்றுபோனது போல இருந்தது நீலாயிக்கு. எல்லையைச் சுற்றும்போது அவள் உடம்புக்கு ஒரு சுகம் இருந்தது உண்மைதானே? குஞ்சாயியைத் தொட்டபோது ஒரு நிறைவு வந்தது உண்மைதானே? அப்படியானால் இது அறிவா, ஆசையா? சூரியன் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. பொழுது இறங்கிவிட்டால் குஞ்சாயி அந்தப் பொந்துக்குள்தான் போய்ப் படுப்பாள்.

நீலாயி அங்கே நிற்கவில்லை. நேரே அஞ்சாலை மாமாவின் பொந்துக்குப் போனாள். அஞ்சாலை என்றால் பாம்பு மாதிரி நீண்ட உடம்பும் வாய் நிறையப் பல்லுமாகப் பாறைப் பிளவில் குடியிருக்கும் முரட்டு மீன். அவர் பெயரைச் சொன்னாலே நண்டுகள் வீட்டுக்குள் போய்விடும். ஆனால் நீலாயிக்கு அவர் நெடுநாள் வாடிக்கை.

"வாம்மா நீலாயி," என்றார் அஞ்சாலை. "கீழ்த்தாடையில இடது பக்கம் ஏதோ குடைஞ்சுக்கிட்டே இருக்கு. நல்லாப் பாரு."

"வாயைத் திறங்க மாமா." உள்ளே போனாள். "மாமா, நான் ஒண்ணு சொல்லப் போறேன். முழுசாக் கேக்கணும். குறுக்கே பேசக் கூடாது."

"ஆ," என்றார் அஞ்சாலை. வாய்க்குள் ஆளை வைத்துக்கொண்டு குறுக்கே பேச அவருக்கு வழி ஏது?

கொத்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கருவரையன் வராததைச் சொன்னாள், இரண்டு பேர் காணாமல் போனதைச் சொன்னாள், தன் உடம்பு படும் பாட்டையும் ஒளிக்காமல் சொன்னாள். கடைசியில், "மொட்டைக் கல்லில் கோடு போட்டுக்கிட்டுத் திரியிற அதை நீங்க கடிக்கணும்," என்றாள்.

"ஆ!" என்று அலறிய அஞ்சாலை வாயை இன்னும் அகலமாகப் பிளந்தார். நீலாயி வெளியே வந்ததும், "கோடு போட்டதைக் கடிக்கணுமா? நானா?" என்றார். "ஏம்மா, இந்தப் பாருல எனக்கு இருக்கிற நல்ல பேர் அது ஒண்ணுதான். நான் கோட்டு மீனைக் கடிச்சேன்னு சேதி பரவினா, நாளைக்கு உன் ஆளுங்க எவளாவது என் வாய்க்குள்ள வருவாளா? பல்லெல்லாம் புழுத்துச் செத்துடுவேன்."

"அது எங்க ஆள் இல்லை மாமா."

"இருந்தா?" அஞ்சாலை கொஞ்சம் யோசித்தார். "பேய்க்கணவாய் ஒண்ணு புதுசா வந்து இறங்கியிருக்குன்னு கலவாய் சொன்னான். எட்டுக் கைக்காரன். கல்லுக்குப் பக்கத்துல கல்லாவான், பாசிக்குப் பக்கத்துல பாசியாவான், எந்த நிறம் வேணும்னாலும் உடம்புல எழுதுவான். வாசம்கூட அடிக்குது. ஆனா இன்னிக்கு ஓட்டம் கடுமை. எந்தக் கல்லுலேருந்து வருதுன்னு தெரியலை. கண்ணும் எனக்கு மங்கல். மங்கல் கண்ணுக்குக் கோடு தெரிஞ்சா, நான் எப்படிம்மா வாயை வைப்பேன்?"

"நீங்க வைக்க வேண்டாம். முதல்ல நான் கிட்டப் போறேன். அது அவரா இருந்தா என்னைத் தொட்டுத் துடுப்பை நடுக்குவார். அதைப் பார்த்துட்டு நீங்க பேசாம வீட்டுக்குப் போங்க. எல்லை தாண்டினதுக்கு அவர் கொத்தட்டும், நான் வாங்கிக்கிறேன். அவர் இல்லைன்னா அது என்னைப் பிடிக்கும். பிடிச்ச கையைக் கடிங்க."

"உன்னையும் சேர்த்துக் கடிச்சுட்டா?"

"உங்க வாய்க்குள்ள எனக்கு வழி தெரியாதா மாமா?"

அஞ்சாலை பொந்திலிருந்து தன் நீள உடம்பை மெல்ல உருவிக்கொண்டு வெளியே வந்தார்.

தண்ணீர் செம்மண் நிறமாயிற்று. அஞ்சாலை பாறைப் பிளவுகளுக்குள்ளேயே ஊர்ந்து சுற்றிப் போய் மொட்டைக் கல்லுக்குப் பின்னால் பதுங்கினார். நீலாயி மணல் ஓடையின் கரைக்கு வந்தாள். பெண்மீன்களுக்கு அதுதான் எல்லை; அதைத் தாண்டுவதில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாள். சடைச்சியும் குஞ்சாயியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாண்டினாள்.

மொட்டைக் கல் ஓரமாக அந்த உருவம் அசைந்தது. வெளிர்நீலம்; கறுப்புக் கோடு; மூக்கில் ஊசி, வாலில் அகலம். கிட்டத்தில் பார்த்தாலும் கருவரையனேதான்! தான் சொன்னதெல்லாம் பொய்யாகட்டும், தன் உடம்புக்கு வந்தது வெறும் நோயாகட்டும், இவர் திரும்பி ஒரு கொத்துக் கொத்தட்டும் என்று அந்த நொடியில் அவள் மனதார வேண்டினாள். சடைச்சி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

"மச்சான்," என்று கூப்பிட்டாள். "இத்தனை நாளாத் தொடவே வரலையே. வாங்க."

"களைப்பா இருக்கு. நாளைக்கு வரேன்," என்றது உருவம்.

"இவ்வளவு கிட்ட வந்துட்டேன். தொட்டுட்டுப் போங்க."

"எல்லையில வேலை இருக்கு. அப்புறம் வரேன்."

"நான் எல்லை தாண்டி வந்திருக்கேன் மச்சான். கோவம்கூட வரலையா உங்களுக்கு?"

உருவம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு, "கோவம் என்ன கோவம்? நல்லாக் கிட்ட வா. இன்னும் கிட்ட. இன்னும்," என்றது.

நீலாயி போனாள். போய்த் தன் விலாவைக் காட்டிக்கொண்டு நின்றாள். துடுப்பு நடுங்கும் என்று காத்திருந்தாள்.

துடுப்பு இல்லை. வழவழவென்று ஏதோ அவளைச் சுற்றி வளைத்தது. வட்ட வட்டமாக, வாய் வாயாக, அவள் செதிலை உறிஞ்சிப் பிடித்தது. கோடு போட்ட உருவம் மீனே இல்லை. ஒரு கையின் நுனி! அந்தக் கைக்குப் பின்னால், மொட்டைக் கல்லின் புடைப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த மேடு இரண்டு கண்ணைத் திறந்தது.

"பெரிய புத்திசாலி நீ," என்றது பேய்க்கணவாய். "உன் புருஷனைத் தின்ன அன்னிக்கே உன்னையும் தின்னிருக்கணும். நீ காவலுக்கு வந்தா எல்லாரையும் பொந்து மாத்தி வைப்பேன்னு தெரிஞ்சுதானே இந்தப் பாடுபட்டு விரல்ல கோடு எழுதினேன்!"

"மாமா!" என்று கத்தினாள் நீலாயி.

அஞ்சாலை வந்தார். எங்கிருந்து வந்தார், எப்படி வந்தார் என்று பார்க்க முடியவில்லை. ஒரே கவ்வு. கோடு போட்ட கையும் அதில் சிக்கிய நீலாயியும் அவர் வாய்க்குள்.

"ஐயோ! நான் கோடு போட்டவன்!" என்று அலறியது பேய்க்கணவாய். "கோடு போட்டவனைக் கடிக்கக் கூடாது! கட்டுப்பாடு இருக்கு!"

வாய் நிறைய இருந்ததால் அஞ்சாலை பதில் சொல்லவில்லை.

உள்ளே ஒரே இருட்டு. பற்கள் கையை அறுத்ததும் பிடி தளர்ந்தது. நீலாயி உடம்பை உதறினாள், பல்வரிசையை ஒட்டி நழுவினாள், நாள்தோறும் போய்வந்த வழியில் செவுள் இடுக்கைக் கண்டுபிடித்து வெளியே பாய்ந்தாள். வெளியே வந்தால் அங்கேயும் இருட்டு. பேய்க்கணவாய் மையைக் கக்கியிருந்தது. மை கலைந்தபோது அவள் கண்ட காட்சி இது: மிச்சக் கைகளால் அது அஞ்சாலையின் கழுத்தை இறுக்க, அஞ்சாலை தன் நீள உடம்பையே ஒரு முடிச்சாகப் போட்டு, அந்த முடிச்சைத் தலைப்பக்கம் உருவி, இறுக்கிய கைகளை ஒவ்வொன்றாக வழித்துத் தள்ளினார். பேய்க்கணவாய் கல்லாக மாறப் பார்த்தது, முடியவில்லை. பாசியாகப் பார்த்தது, முடியவில்லை. மணலாகப் பார்த்தது, அதுவும் முடியவில்லை. கோடு எழுதிக் குடும்பத்தையே தின்ன வந்தது, கடைசிக் கைவரை அஞ்சாலையின் வயிற்றுக்குள் போயிற்று.

"கடைசியா ஒண்ணு சொல்லும்மா," என்றார் அஞ்சாலை, மூச்சு வாங்க. "நான் கடிச்சது கோட்டு மீன் இல்லையே?"

"இல்லை மாமா. நல்ல பேர் நல்ல பேராவே இருக்கு. நாளைக்கு வாங்க, பல்லை எல்லாம் சுத்தம் பண்ணி விடுறேன்."

மணல் ஓடையைத் தாண்டித் திரும்பி வந்தபோது, நீலாயிக்கு அழுகை வந்தது. கருவரையன் இனி வரமாட்டான். பூவாயியும் அம்மாக்கண்ணுவும் வரமாட்டார்கள். ஆனால் அழ நேரமில்லை, பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் வெளியே வாங்க. பொந்தை மாத்தணும்," என்று உரக்கச் சொன்னாள்.

சடைச்சி முன்னால் வந்தாள். நீலாயியை ஏறப் பார்த்தாள், இறங்கப் பார்த்தாள். சண்டைக்கு நிற்பாளோ என்று குஞ்சாயி பயந்தாள்.

"எந்தப் பொந்துக்குப் போகணும்?" என்றாள் சடைச்சி.

அவ்வளவுதான். ஒருத்தியை மேட்டுப் பவளத்தில் வைத்து, ஒருத்தியைச் சிப்பி இடுக்கில் வைத்து, நீலாயி எல்லையை ஒரு முறை முழுசாகச் சுற்றினாள். சுற்றி வந்து குஞ்சாயியின் விலாவைத் தொட்டாள். துடுப்பு நடுங்கியது. அதுவரை கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்த குஞ்சாயி, ஒரு பெருமூச்சு விட்டு உறையைக் கட்டத் தொடங்கினாள்.

சடைச்சியிடம் வந்தாள். சடைச்சி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், ஒரு நிலையில் நிற்காமல்.

"எனக்கும் நேத்திலேருந்து துடுப்பு நிக்கலை அக்கா," என்றாள் சடைச்சி. "உன்மேல இருக்கிற கோவம்னு நினைச்சேன். அது கோவம் இல்லைபோல."

"நில்லுடி," என்றாள் நீலாயி. தொட்டாள். நடுக்கினாள். சடைச்சி நின்றாள்.

அப்புறம் நாள் போயிற்று. ஓட்டம் மாறி மாறி அடித்தது. நீலாயியின் உடம்புக்குள் நடக்க வேண்டியது எல்லாம் நடந்து முடிந்தது. ஒரு நிலா நாளின் நீர் ஏற்றத்தில் குஞ்சாயி முட்டைக் கனத்தோடு மேலே எழும்பினாள்; காவல்காரனும் அவளோடு எழும்பினான்; கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முட்டைகள் ஓட்டத்தோடு ஊரைப் பார்க்கக் கிளம்பிப் போயின.

அவர்கள் கீழே இறங்கி வந்தபோது சடைச்சி கேட்டாள்: "எல்லாம் சரி. இனிமே உன்னை நாங்க என்னன்னு கூப்பிடுறது? அக்காவா? மச்சானா?"

"எப்படிக் கூப்பிட்டாலும் வரேன்," என்றான் அவன். "கூப்பிடாட்டாலும் வருவேன். காலையும் வருவேன், மாலையும் வருவேன், கிட்டவே வருவேன்."

சொல்லிவிட்டு எல்லை சுற்றப் போய்விட்டான். நிற்க அவனுக்கு நேரம் ஏது?

ஆகவே பிள்ளைகளே, தூரத்தில் உருவம் தெரிந்தால் காவல் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கிட்ட வந்து தொடுகிறதா என்று பாருங்கள். பாரில் வாய் திறந்தவர்கள் வாய் மூடிப் போனார்கள். இங்கே காது திறந்தவர்கள் கண் மூடிப் படுங்கள்.